கூறு போட்டு விற்கும் நேரம்

பாம்பன் பக்கம் சாயங்காலம் மீன் வாங்கப் போனால் பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள். காலையில் போனால் கதை வேறு. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், "இதப் போடுங்க, அது வேணாம்" என்று சொல்லலாம். அதற்கு ஏற்ற விலையையும் கொடுக்கலாம். ஐந்து மணிக்கு மேல் தராசு ஓரமாகப் போய்விடும். தார்ப்பாயில் மீன் சின்னச் சின்னக் கூறாக உட்கார்ந்திருக்கும். நாலு காரல், இரண்டு நகரை, ஒரு முரல், மேலே ஒப்புக்கு ஒரு கணவாய். ஒருநாள் நான் ஒரு கூறிலிருந்த காரலை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கூறிலிருந்து ஒரு நகரையை இழுத்தேன். அந்த அக்கா என் கையைத் தட்டாத குறை.

"பொறுக்குறதா இருந்தா காலைல வரணும் தம்பி. இந்நேரத்துக்கு வந்தா கூறாத்தான். நூறு ரூபா, எடுத்தா எடுங்க."

பக்கத்தில் நின்றவர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கூறு வாங்கிப் போனார். ஆறரை மணிக்கு நாலு கூறு மிச்சம் இருந்தது. அந்த அக்கா நாலையும் ஒன்றாகத் தள்ளி இரண்டாக்கினார். விலை அதே நூறு.

மிஞ்சிய உணவைத் தள்ளுபடியில் விற்று வீணாவதைக் குறைப்பது பற்றி இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். ஆப் வந்திருக்கிறது, சட்டம் வந்திருக்கிறது. அந்த ஏற்பாடுகளின் நுணுக்கம் பெரும்பாலும் இந்தத் தார்ப்பாயிலேயே இருக்கிறது. மலிவு விலை தொடங்கும் நேரம் ஊருக்கே தெரியும். மலிவாக வேண்டுமென்றால் பொறுக்கும் உரிமையை விட்டுவிட வேண்டும். விலையைக் குறைக்காமல் கூறைப் பெரிதாக்குவதால், காலையில் முழு விலை கொடுத்தவருக்கு ஏமாந்துபோனோம் என்ற எரிச்சல் வருவதில்லை.

2015-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கிய 'டூ குட் டூ கோ' என்ற ஆப் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான். பேக்கரி, ஓட்டல், சூப்பர் மார்க்கெட் ஆகியவை அன்றைக்கு எத்தனை பை மிஞ்சும் என்று ஆப்பில் போடுகின்றன. வாடிக்கையாளர் முன்பணம் கட்டிவிட்டு, கடை சொன்ன அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். விலை வழக்கமானதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பைக்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். ஐரோப்பாவில் பரவி, அமெரிக்கா, கனடா வரை போய்விட்ட இந்த முறையில் பலருக்கும் விளையாட்டாகத் தெரிவது அந்த 'என்ன இருக்கும்' என்ற மர்மம். கடைக்காரருக்கு அதுதான் உயிர்நாடி. மாலை நாலு மணிக்கு எது மிஞ்சும் என்று அவருக்கே தெரியாது. எத்தனை மிஞ்சும் என்று ஒரு குத்துமதிப்பு மட்டும் இருக்கும். வாங்குபவரைப் பொறுக்க விட்டால், முழு விலைக்கு வாங்க வேண்டியவரும் ராத்திரி வந்து பிடித்ததை மட்டும் எடுத்துப்போவார். பொறுக்க விடாதவரை இரண்டு கூட்டமும் தனித்தனியாகவே இருக்கும்.

உலக அளவில் விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை போதும். 2022-இல் கடை, உணவகம், வீடு ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது. வாங்குபவரின் கைக்கு எட்டும் தூரம் வரை வந்த உணவில் அது 19 சதவீதம். இதில் வீடுகளின் பங்கு 63.1 கோடி டன், உணவகம் முதலான சமைத்துப் பரிமாறும் இடங்கள் 29 கோடி, சில்லறைக் கடைகள் 13.1 கோடி. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ; உலக சராசரி 79 கிலோ. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தள்ளுபடி விற்பனை கைவைக்கக்கூடியது கடைக்கும் உணவகத்துக்கும் உரிய பங்கில் மட்டும்தான். வீட்டுக் குப்பைக்கு அதனிடம் மருந்தில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு பன் வாங்கிவந்து வீட்டில் நாலைப் பூஞ்சை பிடிக்க விட்டால், கணக்கு ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்.

சரி, கடைக்காரர் ஏன் அளவோடு சமைக்கக் கூடாது? கேட்க எளிதாக இருக்கும். ஒரு பிரியாணிக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு தட்டுக்குச் செலவு 60 ரூபாய், விலை 120. வரும் கூட்டம் 60 தட்டுக்குக் குறையாது, 100-ஐத் தாண்டாது, நடுவில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். கூடுதலாக ஒரு தட்டு சமைத்து விற்றுவிட்டால் 60 லாபம், விற்காவிட்டால் 60 நஷ்டம். இரண்டும் சமமாக இருப்பதால் நடுவில் நிற்பதுதான் புத்திசாலித்தனம்: 80 தட்டு. அப்படிச் சமைத்தாலும் சராசரியாக நாளுக்கு 5 தட்டு மிஞ்சும். ஆக, மிச்சம் என்பது அவருடைய கவனக்குறைவால் வருவதில்லை. நாளைய கூட்டம் தெரியாத எந்தத் தொழிலிலும் அது இருந்தே தீரும். 'இல்லை' என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவதைவிடக் கொஞ்சம் கொட்டுவது மேல் என்று நினைக்கிற ஓட்டல்கள் 80-க்கு மேலேயும் போகும்.

இப்போது மிஞ்சியதைத் தட்டு 40 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்காத தட்டில் நஷ்டம் 60-இலிருந்து 20-ஆக இறங்கிவிடுகிறது. லாபமோ அதே 60. இப்போது கணக்குப்படி அவர் 80 தட்டோடு நிறுத்த மாட்டார், 90 சமைப்பார். சராசரி மிச்சம் 5-இலிருந்து 11-க்கு மேல் போகும். மிச்சத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு மிச்சத்தை இரண்டு மடங்காக்குகிறது! அந்தப் பதினொன்றும் உண்மையிலேயே விற்றுத் தீர்ந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, ஊரில் கூடுதலாகச் சில பேர் சாப்பிட்டிருப்பார்கள். மழை பெய்து ஆள் வராத ராத்திரியில் குப்பைத்தொட்டி முன்பைவிட நிறையும். தள்ளுபடியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது. மிச்சத்துக்கு நல்ல விலை கிடைத்தால் சமைப்பவரின் கை தாராளமாகும்.

இனி நம் கரைக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக வந்து, மண்டபத்தைத் தாண்டித் தனுஷ்கோடி முனைக்குப் போய்த் திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கே இறங்குகிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. இங்கே சாப்பாடு மிஞ்சுவதற்கென்று சொந்தக் கடிகாரங்கள் உண்டு.

மீனிலிருந்து தொடங்கலாம். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் நினைத்த நாளில் கடலுக்குப் போக முடியாது. நாட்டுப்படகுக்காரர்களோடு நாள் பிரித்துக்கொண்ட ஏற்பாட்டின்படி திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்தான் அவற்றுக்கு. மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போய் மறுநாள் காலையில் கரை சேர்வார்கள். அப்படியானால் மீன் குவியும் நாள்கள் ஞாயிறு, செவ்வாய், வியாழன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கவலையே இல்லை. செவ்வாய்தான் சிக்கல். செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி தொடாத வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். படகு நிறைய மீன் வந்து இறங்கும் அதே நாளில் பாதி அடுப்பில் சாம்பார் கொதிக்கும். அதோடு அமாவாசை வந்து சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏற்றுமதிக்குப் போகும் இறாலையும் கணவாயையும் நண்டையும் கம்பெனி ஆட்கள் ஏலத்திலேயே எடுத்துவிடுவார்கள். அவற்றுக்குக் கிழமை கிடையாது. உள்ளூர் சட்டியை நம்பியிருக்கும் காரலும் சூடையும்தான் மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இதெல்லாம் தலைகீழ். நாட்டுப்படகு மீனுக்கு அடிபிடி. கூறு என்ற பேச்சே எழாது.

ராமேஸ்வரத்து ஓட்டல்காரருக்கு வேறொரு கடிகாரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை என்று அக்னி தீர்த்தத்தில் கூட்டம் அலைமோதும் நாள்களில் எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. காலையில் தீர்த்தமாடி, மதியம் சாப்பிட்டு, சாயங்காலத்திலிருந்து புறப்படும் ரயில்களில் அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி கிளம்பிவிடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப் பாலம் திறக்கப்படும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. அந்த இரண்டே கால் வருஷத்தில் பஸ்ஸையும் வேனையும் பார்த்துச் சமைக்கப் பழகியிருந்தவர்கள் மறுபடி ரயிலைப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி போன பிறகு இட்லிச் சட்டியில் இருப்பதற்கு யார் வருவார்?

தனுஷ்கோடியில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி வைத்து, கேட்டதும் பொரித்துத் தரும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு பாதி விலை, கால் விலை என்று பலகை மாட்டினாலும் படிக்க ஆள் கிடையாது. தள்ளுபடி என்பது விலையைப் பற்றியது என்று நினைக்கிறோம். மிச்சம் இருக்கும் நேரத்தில் மனிதர்களும் மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் தள்ளுபடி பேசிப் பயனில்லை. தனுஷ்கோடிக் கடைக்காரருக்கு இருப்பது ஒரே வழி: மூன்று மணிக்கு மேல் மசாலா தடவுவதைக் குறைத்து, மீனை ஐஸிலேயே வைத்திருப்பது. மசாலா தடவாத மீனுக்கு நாளை என்று ஒன்று உண்டு.

கீழக்கரையில் நோன்பு மாதத்தில் இதற்கு நேர்மாறான காட்சி. சாயங்காலத்து அசர் தொழுகைக்குப் பிறகு தெருவில் சமோசாவும் 'வாடா' என்ற பலகாரமும் பரப்பி வைப்பார்கள். நோன்பு திறப்பதற்கு முந்திய அரைமணி நேரம் கடையில் கை வைக்க இடம் இருக்காது. மஃரிப் பாங்கு சொல்லி முடித்ததும் தெரு வெறிச்சோடிவிடும். ஆனால் ஜனம் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, தொழுகை முடிந்து திரும்ப வரும். அப்போது ஒரு தட்டு நிறைய அள்ளிப் போட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்க ஆள் இருக்கிறது. இங்கே தள்ளுபடி நேரத்தைப் பாங்கே அறிவித்துவிடுகிறது, பலகை எதற்கு?

தள்ளுபடி என்ற பேச்சு வருவதற்கு முன்பும் இந்தக் கரையில் மிச்சத்துக்கு வழி இருந்தது. மீனுக்கு ஒரு படிக்கட்டே உண்டு. மேல்படியில் காலை எடை மீன், அடுத்து சாயங்காலக் கூறு. அதிலும் நிற்காதது உப்புக்குள் போய்க் கருவாடாகும். உப்புக்குப் பஞ்சமில்லை, வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளமே இருக்கிறது. அதற்கும் கீழே சங்காயம். வலையில் சேர்ந்து வரும் பொடிமீன், நசுங்கியது, யாரும் தின்னாதது எல்லாம் சேர்ந்த குவியல். அதை மணலில் காயவைத்து மூட்டைகட்டிக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிலோவுக்குக் கிடைக்கும் காசு சரிகிறது. சாயங்காலக் கூறின் வேலை, தின்னக்கூடிய மீன் தீவனமாகச் சரிந்துவிடாமல் மனிதச் சட்டியில் நிறுத்துவது. எது முதல் படியில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஐஸ். நம் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்வளத் துறையினர் காலம்காலமாகச் சொல்லும் கணக்கு. கூடைக்கார அக்காக்களில் பலருக்கு அந்த ஐஸ் காசுதான் அன்றைய லாபத்தைக் கடித்துவிடும். அதனால் குறைவாகப் போடுகிறார்கள், அதனால் சீக்கிரம் கூறுக்கு வந்துவிடுகிறார்கள்.

பேக்கரியில் மிஞ்சிய ரொட்டி ரஸ்க்காவதும் இதே படிக்கட்டுதான். வீட்டில் மிஞ்சிய சோறு தண்ணீர் ஊற்றிய பழையதாகும். கீழக்கரைத் தொதலுக்கு இந்தக் கவலையே கிடையாது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் எண்ணெய் பிரியும் வரை சுருளக் கிண்டிய பண்டம். நாள் கணக்கில் நிற்கும், விமானம் ஏறி வளைகுடாவுக்கே போகும்.

இனி பயமுறுத்தும் பகுதி. சொல்லாமல் விட்டால் தப்பு. மலிவு விலை மீனைப் பற்றி, "நல்லா கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சூரை, அயலை, மத்தி போன்ற மீன்களுக்கு அது பொருந்தாது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலி வரும். மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வோம். கெட்ட வாடை வருவதற்கு முன்பே இது நடந்துவிடலாம் என்பதுதான் மோசம். சாயங்காலக் கூறில் சூரைத் துண்டு இருந்தால் அது பகல் முழுக்க ஐஸில் இருந்ததா என்று நான் கேட்காமல் வாங்குவதில்லை. அந்த அக்காவுக்கு என் கேள்வி பிடிக்காது.

சோற்றுக்கும் இதேபோல ஒரு பொறி உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையலில் சாவதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்வது இதற்காகத்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கடன். நம் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கும் கடையின் உள்ளே சூடு முப்பதுக்குக் குறையாது. மதியப் பிரியாணியை ராத்திரி பத்து மணிக்குப் பாதி விலைக்குக் கொடுப்பது தள்ளுபடி ஆகாது. மதியம் இரண்டரைக்கே கொடுத்திருக்க வேண்டும். என் அனுபவம் ஒன்று: ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பேக்கரியில் ராத்திரி பாதி விலைக்கு நாலு பப்ஸ் வாங்கினேன். எப்போது போட்டது என்று கேட்டதற்கு, "இன்னைக்குத்தாண்ணே" என்றார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இருந்த மசாலா நூல்விட்டிருந்தது. அந்த 'இன்னைக்கு' எந்தக் கிழமை என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. தள்ளுபடி விலையில் ஒரு தடவை ஏமாந்தவர் முழு விலைக்கும் வரமாட்டார் என்பதால்தான் நல்ல ஓட்டல்காரர்கள் மிஞ்சியதை விற்கவே கூச்சப்படுகிறார்கள். 'நேத்து மிச்சத்த விக்கிற கடை' என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் போதும்.

சட்டம் எங்கே நிற்கிறது? பிரான்ஸ் 2016-இல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை வேண்டுமென்றே அழிப்பதைத் தடைசெய்து, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போடச் சொன்னது. அதே வருஷம் கோபன்ஹேகனில் 'வீஃபுட்' என்ற கடை திறந்தது. 'இந்தத் தேதிக்குள் நன்றாக இருக்கும்' என்று அச்சிட்ட தேதி தாண்டியிருந்தாலும் கெடாத பண்டங்களை அங்கே மலிவாக விற்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் காலாவதித் தேதி தாண்டிய பொட்டலத்தை விற்கவே கூடாது. தேதி நெருங்குவதற்குள் விலையைக் குறைத்துத் தள்ளிவிட வேண்டும். பொட்டலம் கட்டாத இனிப்புகளுக்கும் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று தட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. எத்தனை கடையில் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உபரி உணவுக்கென்று 2019-இல் ஒரு தனி ஒழுங்குமுறையும் வந்தது. அது இலவசமாகக் கொடுப்பவர்களையும் பகிர்ந்தளிக்கும் அமைப்புகளையும் பற்றியது. விலைக்கு விற்பவருக்கு, அது பாதி விலையானாலும் கால் விலையானாலும், வழக்கமான உரிமமும் வழக்கமான பொறுப்புமே. 'மலிவாத்தானே கொடுத்தேன்' என்று யாரும் தப்பிக்க முடியாது. அது சரியும்கூட.

ஆப் விஷயத்தில் இந்தியாவில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. சொமேட்டோ 2024 நவம்பரில் 'ஃபுட் ரெஸ்க்யூ' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் ரத்து செய்த ஆர்டர், கொண்டுபோகும் ஆள் இருக்கும் இடத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குச் சில நிமிஷம் மட்டும் குறைந்த விலையில் தெரியும். மாதம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் இப்படி ரத்தாகின்றன என்று அப்போது அந்த நிறுவனம் சொன்னது. பெரிய நகரத்தில் இது நடக்கும். மூன்று கிலோமீட்டருக்குள் பசியோடு, கையில் போனோடு ஆயிரம் பேர் இருக்க வேண்டுமே. உச்சிப்புளியைச் சுற்றி மூன்று கிலோமீட்டரில் தென்னந்தோப்பும் ரயில் தண்டவாளமும்தான் அதிகம். இங்கே அந்த வேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் செய்யும். 'இன்னைக்கு 9 மணிக்கு மேல 20 பரோட்டா, சால்னாவோட, பாதி ரேட்டு' என்று ஒரு வரி போட்டால், படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பவர்களும் ஆட்டோக்காரர்களும் பார்ப்பார்கள். கமிஷன் கிடையாது.

இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் கல்யாண மண்டபத்து மிச்சத்தை எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன; ஓர் அண்டா சாம்பார் சாதம் மிஞ்சினால் அதுதான் வழி. ஆனால் ஒரு கடையில் ராத்திரி ஆறு பன் மிஞ்சுவதற்கு வண்டி அனுப்ப முடியாது. தவிர, வாங்கிச் சாப்பிடுவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. 2013-இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தபோது அந்த ஒரு ரூபாய் அரசுக்குப் பெரிய வருமானம் இல்லை. ஆனால் அதைக் கொடுத்துச் சாப்பிட்டவருக்கு வரிசையில் நிற்கக் கூச்சமில்லாமல் போயிற்று. கூறு வாங்குபவரை யாரும் ஏழை என்று பார்ப்பதில்லை, கெட்டிக்காரர் என்றுதான் பார்ப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பாய் மண்டபம் சாலையில் சின்னதாக ஒரு டீக்கடையும் பேக்கரியும் வைத்திருக்கிறார். ராத்திரி எட்டரைக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியதை ஒரு தனித் தட்டுக்கு மாற்றி, எதுவானாலும் மூன்று எடுத்தால் இரண்டுக்குக் காசு என்று கொடுத்துவந்தார். நல்ல ஓட்டம். வாடிக்கையாக எட்டேமுக்காலுக்கு வருபவர்களே ஏழெட்டுப் பேர். பிரியாணிக் கணக்கை அவரிடம் ஒருநாள் சொன்னேன். சிரித்தார். ஆனாலும் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு மாசம் எழுதினார். தேதி, கிழமை, எத்தனை போட்டது, எட்டரைக்கு எத்தனை மிச்சம், அவ்வளவுதான். மாசக் கடைசியில் நோட்டைப் பார்த்தபோது செவ்வாயும் வெள்ளியும் முட்டை பப்ஸ் மட்டும் பத்து, பன்னிரண்டு என்று நின்றது. மற்ற நாளில் இரண்டு, மூன்று. அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். "வருசக்கணக்கா கடை நடத்துறேன், இது என் கண்ணுல படலையே" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அந்த இரண்டு நாளும் முட்டை பப்ஸைப் பாதியாக்கி, காய்கறி பப்ஸைக் கொஞ்சம் கூட்டினார்.

போன செவ்வாய்க்கிழமை எட்டேமுக்காலுக்கு நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். தனித் தட்டில் ஒரே ஒரு தேங்காய் பன் இருந்தது. ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தவர் தட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"என்ன பாய், இன்னைக்கு ஒண்ணும் மிஞ்சலையா?"

"மிஞ்சுனாத்தானேப்பா குடுக்க முடியும்" என்றபடி பாய் நோட்டை எடுத்து 1 என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் அந்தப் பன்னையும் எடுத்துவிட்டார். பாய் 1-ஐ அடித்துவிட்டு 0 போட்டார்.